தோற்போம் என்று தெரிந்தும் ஏன் நிற்க வேண்டும்? அடக்குமுறை அரசும் எதிர்க்கட்சியின் வேலையும்: கேள்வி பதில்

சென்ற மாதம் தக்கலையில் எங்கள் வாசகர் வட்டம் கூடியபோது, அடக்குமுறை அரசுகளை எதிர்க்கட்சிகள் எப்படி எதிர்கொண்டன என்பது குறித்து என்னைப் பேசச் சொன்னார்கள். நாகர்கோவிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசியல் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பேச்சு முடிந்ததும் வந்து குவிந்த துண்டுச் சீட்டுகளுக்கெல்லாம் பதில் சொல்ல அன்று நேரம் போதவில்லை; அவற்றில் சிலவற்றுக்கு இங்கே விரிவாகப் பதில் எழுதுகிறேன். இன்று எந்த ஆட்சி எந்த வகையைச் சேர்ந்தது என்ற தீர்ப்பை உங்களிடமே விட்டுவிட்டு, நடந்து முடிந்த நிகழ்ச்சிகளைக் கொண்டு மட்டும் பேசுகிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, நாகர்கோவில்): தேர்தலில் வென்று வந்த ஓர் அரசைச் சர்வாதிகார அரசு என்று சொல்வது முறையா, ஐயா?

பதில்: சொல்லலாம், ஆனால் அளந்து சொல்ல வேண்டும். கடுமையான சட்டம் கொண்டுவரும் அரசெல்லாம் சர்வாதிகார அரசு ஆகிவிடாது. வகுப்பில் நான் கொடுத்து வந்த உரைகல் ஒன்றுதான்: இந்த அரசு நேர்மையான தேர்தலில் தோற்கக்கூடிய நிலையில் இருக்கிறதா, தோற்றால் இறங்கிப் போகுமா? சிலியில் 1973 செப்டம்பர் 11 அன்று நடந்தது போல், விமானங்கள் அதிபர் மாளிகையின் மீது குண்டு வீசினால் யாருக்கும் ஐயம் எழாது. பிற்காலத்து முறை வேறு. ஹங்கேரியில் 2010இல் மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பெற்ற விக்டர் ஓர்பானின் கட்சி புதிய அரசியலமைப்பை இயற்றியது. நாடாளுமன்ற இடங்களை 386இலிருந்து 199ஆகக் குறைத்து, தொகுதி எல்லைகளையும் புதிதாக வரைந்தது. எல்லாம் சட்டப்படியே நடந்தன. ஆட்டம் நிற்காமல் நடந்துகொண்டிருக்க, நடுவரும் எல்லைக்கோடும் மட்டும் மாறிவிடுவது இந்த முறை. எதிர்க்கட்சிக்கு இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. எடுத்ததற்கெல்லாம் ‘சர்வாதிகாரம்’ என்று கூவினால் புலி வருகிறது கதையாகிவிடும். மெய்யாகவே அது வரும் நாளில் அந்தச் சொல்லுக்குக் காது கொடுக்க ஆள் இருக்காது.

கேள்வி (மீன்பிடித் தொழிலாளி, குளச்சல்): தேர்தல் நியாயமாக நடக்காது என்று முன்கூட்டியே தெரிந்தால், அதில் நின்று அந்த ஆட்சிக்கு மரியாதை தேடிக் கொடுப்பதைவிடப் புறக்கணிப்பது நல்லதல்லவா?

பதில்: இந்தச் சீட்டைத்தான் அன்று முதலில் எடுத்தேன். புறக்கணிப்பில் மானம் இருப்பதாகத் தோன்றும், ஆனால் பெரும்பாலும் அது ஆட்சியாளருக்குக் கிடைக்கும் பரிசாகவே முடிகிறது. வெனிசுவேலாவின் எதிர்க்கட்சிகள் 2005இல் நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தன. எல்லா இடங்களும் அதிபர் சாவேசின் ஆதரவாளர்களிடம் போய்ச் சேர்ந்தன. வங்கதேசத்தில் 2014இல் முதன்மை எதிர்க்கட்சி விலகிக்கொண்டதால், 300 தொகுதிகளில் 153இல் போட்டியே இல்லாமல் உறுப்பினர்கள் தேர்வானார்கள். அந்த ஆட்சி அதன்பின் மேலும் பத்து ஆண்டுகள் நீடித்தது. 2024 ஆகஸ்டில் அதை இறக்கியது மாணவர் எழுச்சி.

இதற்கு மறுபக்கம் சிலி. 1973இல் ஆட்சியைப் பிடித்த தளபதி பினோசெட் தாமே எழுதுவித்த 1980 அரசியலமைப்பின்படி, அவர் மேலும் எட்டு ஆண்டுகள் ஆளலாமா என்பதற்கு 1988 அக்டோபர் 5 அன்று ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மக்கள் வாக்களிக்க வேண்டியிருந்தது. அந்த அரசியலமைப்பையே ஏற்காத கட்சிகள் அந்த வாக்கெடுப்பில் இறங்குவதா என்று நெடுங்காலம் வாதிட்டன. உறவினரைச் சிறையிலும் சித்திரவதைக் கூடத்திலும் இழந்தவர்கள் அந்தக் கட்சிகளில் இருந்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த வாதத்தின் வலி புரியும். இறுதியில் பதினைந்துக்கும் மேற்பட்ட கட்சிகள் ‘இல்லை’ என்பதன் பின்னால் ஒன்றுசேர்ந்தன. தொலைக்காட்சியில் அவர்களுக்குக் கிடைத்தது ஊர் உறங்கப் போகும் நேரத்தில் நாளொன்றுக்கு 15 நிமிடம். அந்தக் கால்மணி நேரத்தைக் குற்றப்பட்டியல் வாசிக்க மட்டும் செலவிடாமல், மகிழ்ச்சியான நாள் ஒன்று வரும் என்று வானவில் சின்னத்தோடு பாடினார்கள். ஏறக்குறைய 56 விழுக்காட்டினர் ‘இல்லை’ என்றார்கள்.

அன்றிரவு முடிவை அறிவிக்காமல் அரசு இழுத்தடித்தபோது, இராணுவ ஆட்சிக் குழுவிலேயே ஒருவரான விமானப்படைத் தளபதி மாத்தேய், மாளிகைக்குள் நுழையும்போது ‘இல்லை’ தரப்பு வென்றுவிட்டதாகச் செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். இந்தக் காட்சியில்தான் என் முழுக் கருத்தும் இருக்கிறது. எந்தச் சர்வாதிகாரியும் தனியாக ஆள்வதில்லை. தளபதி, தேர்தல் அலுவலர், நீதிபதி, கோப்பில் கையெழுத்திடும் எழுத்தர், லத்தி பிடித்த காவலர் என்று இடையில் நிற்பவர்கள் கீழ்ப்படிகிற வரைக்கும்தான் அந்த ஆட்சி. அவர்களில் சிலரையாவது ‘இதற்கு மேல் முடியாது’ என்று சொல்ல வைப்பதே எதிர்க்கட்சியின் வேலை. அப்படிச் சொல்ல அவர்களுக்கு ஒரு தருணம் வேண்டும், கையில் ஒரு சான்றும் வேண்டும். தேர்தல் அந்த இரண்டையும் தருகிறது.

கேள்வி (இளம் வழக்கறிஞர், மார்த்தாண்டம்): வாக்கு எண்ணிக்கையையே மாற்றி அறிவித்துவிட்டால், நின்று என்ன பயன்?

பதில்: மாற்றியதை மெய்ப்பிக்கும் தாள் உங்கள் கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பிலிப்பைன்சில் 1986 பிப்ரவரித் தேர்தலில் தன்னார்வலர்கள் வாக்குச்சாவடி வாரியாகத் தனி எண்ணிக்கை நடத்தினார்கள். அரசின் எண்ணிக்கை மையத்தில் இருந்த கணினிப் பணியாளர்கள், பலகையில் தெரியும் எண்ணும் தங்கள் கணினியில் உள்ள எண்ணும் பொருந்தவில்லை என்று எழுந்து வெளியேறினார்கள். சில நாட்களில் அதிபர் மார்கோஸ் நாட்டைவிட்டே போனார். துருக்கியின் இஸ்தான்புல்லில் 2019 மார்ச்சில் நடந்த மேயர் தேர்தலில் எதிர்க்கட்சியின் எக்ரெம் இமாமோக்லு ஏறத்தாழ 13,000 வாக்குகளில் வென்றார். சாவடி முடிவுத்தாள்கள் அவர் கட்சியிடம் இருந்ததால் எண்ணிக்கையை மறுக்க வழியின்றி, தேர்தலையே ரத்து செய்தார்கள். ஜூனில் நடந்த மறுதேர்தலில் வித்தியாசம் 8 லட்சத்தைத் தாண்டியது.

நம் ஊர் வழக்கத்தையும் சொல்கிறேன். வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பல தேர்தல்களில் பணியாற்றியிருக்கிறேன். கடலோரப் பள்ளி ஒன்றில், காலையில் மாதிரி வாக்குப்பதிவின்போது ஐந்து கட்சிகளின் முகவர்கள் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூவர். மாலையில் நான் கட்டுப்பாட்டுக் கருவியை மூடும் பொத்தானை அழுத்தி, திரையில் வந்த மொத்த எண்ணிக்கையைப் படித்துக் காட்டியபோது இருவர். பதிவான வாக்குகளின் கணக்கைப் படிவம் 17சி-யில் எழுதி, கையெழுத்திட்ட நகலை ஒவ்வொரு முகவருக்கும் கொடுக்க வேண்டும் என்பது 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதி. ஒருவர் அதை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மற்றவர், ‘இருக்கட்டும் சார்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எண்ணும் நாளில் அந்தக் கருவியில் உள்ள எண்ணோடு ஒப்பிட அவர் கட்சிக்கு இருந்த ஒரே ஆதாரம் அந்தத் தாள். ஆயிரம் பேர் கூடும் பொதுக்கூட்டத்தைவிட, சீல் வைத்து முடியும்வரை எழுந்திருக்காத ஒரு முகவர் மேல் என்று அன்றிலிருந்து நம்புகிறேன்.

தாள் மட்டும் போதுமா என்றால், போதாது. வெனிசுவேலாவில் 2024 ஜூலையில் எதிர்க்கட்சியினர் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட சாவடிகளின் முடிவுத்தாள்களைத் திரட்டி இணையத்தில் வெளியிட்டார்கள். அப்படியும் படையும் நீதிமன்றமும் அதிபர் மதுரோவின் பக்கமே நின்றதால், 2025 ஜனவரியில் அவரே மீண்டும் பதவியேற்றார். இடையில் நிற்பவர்கள் அசையாவிட்டால் சான்று பெட்டியிலேயே கிடக்கும்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை, கருங்கல்): கொள்கையில் ஒட்டாத கட்சிகள் கூட்டணி சேர்ந்தால் மக்கள் நம்புவார்களா?

பதில்: 1977ஐ நீங்களும் கண்டிருப்பீர்கள், அம்மா. ஜனவரி 18 அன்று தேர்தல் அறிவிப்பு. 23 அன்றே பழைய காங்கிரஸ், ஜனசங்கம், பாரதிய லோக்தளம், சோசலிஸ்ட் கட்சி நான்கும் ஜனதா என்ற ஒரே பெயரில் நின்றன. நெருக்கடி நிலையின்போது சிறையில் சேர்ந்து இருந்ததே அவர்களைச் சேர்த்து வைத்தது. தமிழ்நாட்டின் பெரும்பாலான தொகுதிகள் இந்திராவின் கூட்டணிக்கே போயின என்றாலும், காமராஜர் உறுப்பினராக இருந்த நாகர்கோவிலில் ஜனதாவின் குமரி அனந்தன் வென்றார்.

கூட்டணி என்றால் ஒரே சின்னம்தான் என்பதில்லை. ஹங்கேரியில் 2022இல் ஆறு கட்சிகள் ஒரே பட்டியலாக நின்றும், ஓர்பானுக்கு மீண்டும் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தது. எதிரணியிடம் கட்சிகளின் எண்ணிக்கை இருந்தது, சிற்றூர்களில் ஆள் இல்லை. போலந்தில் 2023இல் மூன்று தனிப் பட்டியல்களாக நின்றவர்கள், ஒருவரையொருவர் தாக்காமல், சேர்ந்து ஆட்சி அமைப்போம் என்று சொல்லியே பெரும்பான்மை பெற்றார்கள். அன்று 74 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். யார் முதல்வர் என்ற சண்டையை முன்கூட்டியே தீர்த்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

கேள்வி (ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி, குலசேகரம்): அடிக்கிறவனிடம் அகிம்சை பேசுவது கோழைத்தனம் இல்லையா?

பதில்: கோபம் நியாயமானது, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டவர்கள் நம் வீட்டு ஆட்கள். அன்று திருவிதாங்கூர்-கொச்சியை ஆண்டது சர்வாதிகார அரசு அல்ல. பட்டம் தாணுப்பிள்ளை தலைமையில் அமைந்த, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு. நம் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு இணைக்கக் கேட்டு நேசமணி தலைமையில் நடந்த இயக்கம் அதற்குத் துப்பாக்கியால் பதில் சொல்லவில்லை. ஆளும் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியாவே, தம் கட்சி அரசு பதவி விலக வேண்டும் என்றார். கட்சிக்குள் பிளவு உண்டாயிற்று. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு இணைந்தன. கூட்டத்தின் பக்கமிருந்து ஆயுதம் வந்திருந்தால், லோகியா அந்தச் சொல்லைச் சொல்ல இடமே இருந்திருக்காது.

எரிகா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற இரு ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரை நடந்த 323 இயக்கங்களை ஒப்பிட்டார்கள். ஆயுதமேந்தாதவற்றில் 53 விழுக்காடு வென்றன; ஆயுதமேந்தியவற்றில் 26. காரணம் எளியது: கல்லெறியும் கூட்டத்துக்கு இளைஞர்கள் மட்டுமே வருவார்கள், உட்கார்ந்து மறிக்கும் கூட்டத்துக்கு உங்கள் அம்மாவும் வருவார். அந்த அம்மாவை அடிக்கக் காவலருக்குக் கை எழுவது கடினம். கூட்டத்துக்குள் கலவரம் மூட்டவே சிலரை அனுப்புவார்கள் என்பதையும் எதிர்பார்த்து, பொறுப்பாளர்களை வரிசையாக நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கேள்வி (கட்சித் தொண்டர், அருமனை): தலைவர்களைக் கைது செய்துவிட்டால்?

பதில்: இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை யார் என்று முந்தைய நாளே எழுதி வைத்திருக்க வேண்டும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது நம் அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு; தடுப்புக்காவல் சட்டங்கள் இதற்கு விலக்கு. வழக்கறிஞர் ஒருவர், குடும்பத்துக்கு அரிசி வாங்கித் தர ஒருவர் என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள். சிறைக்குப் போனவரின் வீட்டைக் கவனிக்காத கட்சிக்கு அடுத்த முறை ஆள் வராது. துருக்கியில் 2025 மார்ச்சில் இமாமோக்லுவைக் கைது செய்தபோது, அவரை அதிபர் வேட்பாளராகத் தேர்ந்தெடுக்கத் தாம் நடத்தவிருந்த உட்கட்சி வாக்கெடுப்பை அவர் கட்சி கைவிடவில்லை. உறுப்பினரல்லாதவர்களுக்கும் தனிப்பெட்டி வைத்து, நாடு முழுவதும் மக்களை வரிசையில் நிற்க வைத்தது.

கேள்வி (அரசு ஊழியர், தோவாளை): நீதிமன்றத்தை நம்பலாமா?

பதில்: நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது, போகாமலும் இருக்கக் கூடாது. நெருக்கடி நிலையின்போது 1976 ஏப்ரலில், காவலில் இருப்பவர்கள் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று நம் உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் சொன்னார்கள், எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போனது. ஆனால் அந்த மாறுபட்ட தீர்ப்புதான் இன்று சட்டம். இலங்கையில் 2018இல் அதிபர் நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது, அது அரசியலமைப்புக்கு முரணானது என்று ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கு எதிர்க்கட்சித் தலைவராக இருந்த இரா. சம்பந்தனின் பெயரால்தான் அறியப்படுகிறது.

நடைமுறையை மதிப்பது எவ்வளவு வலிமையானது என்பதற்குத் தென் கொரியாவைச் சொல்வேன். 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் இராணுவச் சட்டம் அறிவித்தார். அவைத்தலைவர் மதிலேறிக் குதித்து உள்ளே போனார். வீரர்கள் கட்டடத்துக்குள் நுழைந்துவிட்டார்கள், உதவியாளர்கள் மேசை நாற்காலிகளை அடுக்கி வாசலை மறித்தார்கள். உறுப்பினர்கள் அவசரப்படுத்தியும், தீர்மானம் முறைப்படி வந்து சேரும்வரை அவைத்தலைவர் வாக்கெடுப்பைத் தொடங்கவில்லை. வந்திருந்த 190 பேரும் இராணுவச் சட்டத்தை நீக்க வாக்களித்தார்கள். பின்னால் யாரும் குறை சொல்ல இடம் வைக்காத அந்த வாக்கெடுப்பு முடிந்ததும் வீரர்கள் வெளியேறத் தொடங்கினார்கள்.

கேள்வி (பெயர் எழுதவில்லை, பத்மநாபபுரம்): வென்ற பிறகு பழிவாங்க வேண்டாமா?

பதில்: விசாரணை வேண்டும், பழிவாங்கல் வேண்டாம். ஜனதா ஆட்சி உட்பூசலால் 1979இல் கவிழ்ந்தது. ஆனாலும் 1978இல் அவர்கள் கொண்டுவந்த 44ஆவது திருத்தம் இன்றும் நிற்கிறது: நெருக்கடி நிலை அறிவிக்க ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற காரணத்தை நீக்கி ‘ஆயுதக் கிளர்ச்சி’ என்றாக்கியது, குற்ற வழக்கில் பாதுகாப்பு, உயிர், தனிமனித சுதந்திரம் ஆகியவற்றைக் காக்கும் 20, 21ஆம் பிரிவுகளின் உரிமைகளை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாதபடி செய்தது.

கேள்வி (இல்லத்தரசி, முட்டம்): எங்கள் ஊரில் ஆண்கள் பாதிப்பேர் ஆழ்கடலிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றே தெரியவில்லை. இதற்கும் நீங்கள் பேசியதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது இதுதான், தங்கச்சி. சிலியின் எதிர்க்கட்சிகள் பாட்டெழுதுவதற்கு முன்பு, பதிவு செய்ய அஞ்சிய மக்களை வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியலில் சேர்த்தார்கள். வரைவுப் பட்டியல் வந்ததும், ஊரில் நாலு பெண்கள் சேர்ந்து தெருவாரியாக உரக்க வாசித்துப் பாருங்கள். விடுபட்டவருக்குப் படிவம் 6. தவறாக யாரையாவது நீக்கச் சொல்லிப் படிவம் 7 கொடுக்கப்பட்டிருந்தால், விசாரணைக்கு அழைக்கும்போது போய் மறுப்புச் சொல்லுங்கள். வளைகுடாவில் இருப்பவர் அந்நாட்டுக் குடியுரிமை வாங்காதவரானால், படிவம் 6ஏ மூலம் பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியிலேயே பெயரைச் சேர்க்கலாம். வாக்களிக்க மட்டும் அவர் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்தாக வேண்டும்.