போனில் பேமென்ட் ஆப்பில் வங்கிக் கணக்கைச் சேர்க்கப் பார்த்தால் ஓடிபி (மெசேஜில் வரும் ஒருதடவை எண்) வருவதே இல்லை. என்எஃப்சி இல்லாத போன் என்பதாலா?

என்எஃப்சியை விடுங்கள். அது போனை மெஷினில் தட்டிக் காசு கட்டுவதற்கு. கடை மேசையில் ஒட்டியிருக்கும் லங்காகியூஆரை (இலங்கையின் பொதுக் கியூஆர் கட்டணக் குறியீடு) ஸ்கேன் பண்ண கேமராவும் டேட்டாவும் போதும்.

அம்மாவின் போனில் நானும் இதே பாடு பட்டேன். ஹட்டனுக்கு மேலே தேயிலைத் தோட்டம், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) ஜன்னல் ஓரம் ஒரு சாண் இடத்தில்தான் சிக்னல். அதுதான் கோளாறு என்று போனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினேன். ஆப்பை அழித்து மறுபடி ஏற்றினேன். இரண்டு சிம்மையும் மாற்றிப் போட்டேன். ஒன்றும் வரவில்லை.

அடுத்த நாள் கோயிலடியில் பழைய கணக்கப்பிள்ளை போனை நீட்டினார். "தம்பி, எவனோ என் காச அடிக்கப் பாக்குறான். நேத்து பூரா ஆறாறு நம்பரா வருது." நேரத்தைப் பார்த்தேன். எல்லாம் நான் மேட்டில் நின்று அமுக்கியவை! கணக்குத் திறந்தபோது அம்மாவிடம் போனே இல்லை. படிவம் நிரப்பிக் கொடுத்தவர் இவர், நம்பரும் இவருடையதையே போட்டிருக்கிறார்.

அதனால் முதலில் வங்கியில் உங்கள் கணக்குக்கு எந்த நம்பர் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். ஓடிபி அதற்குத்தான் போகும், கையில் இருக்கும் சிம்முக்கு அல்ல. மாற்ற கணக்குக்காரரே அடையாள அட்டையோடு நேரில் போவது நல்லது. நான் மட்டும் போய் திரும்பி வந்தேன், ஒரு நாள் பஸ் காசு வீண்.

நம்பர் சரியாக இருந்தும் வரவில்லையா? மெசேஜ் ஆப்பில் 'ஸ்பேம்' பகுதியைத் திறந்து பாருங்கள், சிலசமயம் அங்கே போய் ஒளிந்திருக்கும். போனில் தேதியும் நேரமும் ஆட்டோமேட்டிக்கில் இருக்கட்டும். போன் செட்டிங்கில் டெவலப்பர் ஆப்ஷன் (ஆப் செய்பவர்களுக்கான பகுதி) திறந்திருந்தால் சில வங்கி ஆப் அடியோடு மறுத்துவிடும்.

அடையாள அட்டை எண் பொருந்தவில்லை என்று வந்தால், பழைய 9 இலக்க அட்டைக்காரர்கள் 12 இலக்கமாகவும் போட்டுப் பாருங்கள். முன்னால் 19, பழைய எண்ணின் ஐந்தாம் இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0, கடைசி எழுத்தை விட்டுவிடலாம். பெயர் எழுத்துப் பிழை வேறு கதை. நம்ம ஆட்களுக்கு அட்டையில் ஒன்று, பாஸ்புக்கில் ஒன்று இருப்பது சகஜம். அதை ஆப்பில் சரிபண்ண முடியாது, வங்கிக்குத்தான் போக வேண்டும்.

அட்டையைப் படம் பிடிக்கும்போது லேமினேட் பளபளத்தால் பல்பு வெளிச்சத்தை விட்டு வாசலுக்கு வாருங்கள். பனி மூட்டமான காலை வெளிச்சத்தில் எங்களுக்கு ஒரே தடவையில் எடுத்தது.

கடைசியில் விரல் ரேகை லாக். முப்பது வருசம் கொழுந்து எடுத்த விரல், போன் அதை மதிக்கவே இல்லை. பின் நம்பர் வைத்தோம். என் பிறந்த வருசத்தையே போடச் சொன்னார் அம்மா. அதைத்தான் ஊரே அறியுமே என்று மறுத்துவிட்டேன்.