பாளையங்கோட்டை வீடு: விற்பவர் 48 லட்சத்தில் நிற்கிறார், இறங்க மாட்டேன் என்கிறார்

இப்போதைக்கு நீங்கள் கேட்ட 42 லட்சத்திலிருந்து ஏறாதீர்கள். தொகையை விட்டுவிட்டு தேதியைப் பேசுங்கள்: ஒரே மாதத்தில் கிரயம், பதிவன்றே முழுப் பணம். வங்கிக் கடன் என்றால் முன் அனுமதிக் கடிதத்தைக் காட்டுங்கள்.

அவர் அசையாததற்குப் பங்காளிகள் காரணமாக இருக்கலாம். காலமான அப்பா பெயரில் உள்ள வீடு என்றால் அண்ணன், தங்கை எல்லாரும் சம்மதிக்காமல் அவரால் ஒரு ரூபாய்கூடக் குறைக்க முடியாது. பட்டா யார் பெயரில் என்று பாருங்கள், 30 வருட வில்லங்கச் சான்றும் (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்) எடுங்கள். பங்காளிகள் இருந்தால் எல்லாரையும் உட்கார வைத்தே பேசுங்கள். தரகர் வழியாக வேண்டாம். அவருக்கு விலை ஏறினால்தானே லாபம்!

அப்புறம், முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்த்து 9% தனி. எல்லாருடைய கையெழுத்தும் இல்லாமல் அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.