மணல் படுக்கைக்குக் காற்று வேண்டும்

கேள்வி: காட்பாடி பக்கம் தனி வீடு, ஐந்து பேர். தெருவில் பாதாளச் சாக்கடை இல்லை. குளிக்கிற, துவைக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் தினமும் சுமார் 300 லிட்டர் வீணாகிறது. மணலில் வடிகட்டி தென்னைக்கும் வாழைக்கும் விடலாமா? டிரம்மில் மணலைக் கொட்டினாலே போதும் என்கிறார் கொத்தனார்.

பதில்: தாராளமாக விடலாம். ஆனால் டிரம் போதாது. மணல் சல்லடையாக மட்டும் வேலை செய்வதில்லை. துகள்களில் ஒட்டி வளரும் நுண்ணுயிர்கள்தான் கரைந்திருக்கும் அழுக்கைத் தின்கின்றன. அவற்றுக்குக் காற்று வேண்டும். தண்ணீர் எந்நேரமும் தேங்கி நின்றால் படுக்கை அடைத்துக்கொண்டு நாறும்.

ஒரு சதுர மீட்டருக்குத் தினம் 40 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். உங்களுக்கு எட்டுக்குப் பத்தடித் தொட்டி சரியாக இருக்கும். அடியில் முக்கால் அங்குல ஜல்லி, நடுவே துளையிட்ட பிவிசி பைப். பைப்பின் ஒரு முனையைக் காற்றுக்காக மேலே நீட்டிவிடுங்கள். அதன்மேல் சின்ன ஜல்லி, அப்புறம் இரண்டரை அடி மணல். தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டாமல், நாலைந்து தவணையாகப் பரவலாக விடுங்கள்.

மணலில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பாலாறு ஏற்கெனவே சுரண்டப்பட்டுக் கிடக்கிறது. திருட்டு லோடு வேண்டவே வேண்டாம். கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டே போதும், ஆனால் அதில் தூள் அதிகம். பாட்டிலில் பாதி மணல், மீதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். மேலே படியும் சேறு ஒரு நூலுக்கு (சுமார் 3 மி.மீ.) மேல் இருந்தால் இன்னும் அலச வேண்டும். பூச்சு வேலைக்கான பி-சாண்ட் ஆகவே ஆகாது.

சமையலறைத் தண்ணீர் முதலில் எண்ணெய் தங்கும் சேம்பருக்குப் போகட்டும். மிதக்கும் எண்ணெய்ப் படலத்தை வாராவாரம் வழித்தெடுங்கள். வடித்த கஞ்சியையும் மாவுப் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் இதில் விடாதீர்கள், மாட்டுக்குக் கொடுங்கள். கழிப்பறைத் தண்ணீர் செப்டிக் டேங்கோடு நிற்கட்டும்.

மேலே தண்ணீர் நிற்க ஆரம்பித்தால் சில நாள் காயவிட்டு, மேல் இரண்டு அங்குல மணலை மாற்றுங்கள். முடிந்தால் தொட்டியை நடுவில் தடுத்து, மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

சோப்புத்தூளின் உப்பை மணல் எடுக்காது. ஒரே மரத்துக்கே விடாமல் மரம் மாற்றி மாற்றி விடுங்கள். கிருமியும் முழுசாகப் போகாது. அதனால் கீரைப் பாத்திக்கு வேண்டாம், கிணறு இருந்தால் அறுபது அடியாவது தள்ளி விடுங்கள்.