தவக்காலம் வறட்சியாகப் போனது, உயிர்ப்பு ஞாயிறு வந்தும் சந்தோசம் இல்லை. என்ன செய்யலாம்?

சிலுவைப்பாதையைப் பாதியில் விட்டேன், பாவசங்கீர்த்தனமும் (பாதரிடம் பாவ அறிக்கை) செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் நோயோ கடனோ இருந்து அதிலேயே நாற்பது நாளும் போயிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

உயிர்ப்பு ஒரு காலைப்பொழுதோடு முடிந்துவிடுகிறது என்று நினைப்பதுதான் பிழை. முதல் எட்டு நாளும் பெருவிழா. தூய ஆவி இறங்கிவந்த பெந்தகோஸ்தே விழா வரை மொத்தம் 50 நாள், தவக்காலத்தை விட நீளம். அந்த எட்டு நாள் பூசை நற்செய்திகளைப் பாருங்கள். செவ்வாய் யோவான் 20:11-18, மரியா மதலேனா அழுதுகொண்டு நிற்கிறா. புதன் லூக்கா 24:13-35, நம்பிக்கை விட்டுப்போன இரண்டு பேர் எம்மாவுக்கு நடக்கிறார்கள். வெள்ளி யோவான் 21:1-14, இராமுழுக்க வலை போட்டும் ஒரு மீன் இல்லை. விடியக் கரையில் கரிநெருப்பும் மீனும் அப்பமும் இருக்கிறது. மட்டக்களப்பு வாவிக்கரைச் சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. அடுத்த ஞாயிறு, உயிர்ப்பை நம்ப மறுத்த சீடர் தோமா. ஒரு பின்னேரத்துக்கு ஒரு வாசகம், சத்தமாக, ஐந்து நிமிடம். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாசித்தால் புதன்கிழமையே விட்டுவிடுவீர்கள்.

விட்ட ஒருசந்தியை (ஒருநேரச் சாப்பாட்டு நோன்பை) இப்போது பிடித்து ஈடுகட்ட வெளிக்கிட வேண்டாம். ஒழுங்கைத் தளர்த்துகிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி கடமையான நாள் விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும்தான், அதுவும் 18 முதல் 59 வயது வரை. உயிர்ப்புக்கு அடுத்த வெள்ளி பெருவிழா என்றபடியால் சுத்தபோசனமும் (இறைச்சி தவிர்ப்பதும்) இல்லை.

பாவசங்கீர்த்தனத்துக்கு அடுத்த தவக்காலம் வரை காத்திருக்கவும் தேவையில்லை. பெரிய கிழமையில் வரிசை நீளம், ஆறுதலாகக் கதைக்க ஏலாது. இந்தக் கிழமை பூசைக்கு முன்னர் பாதரிடம் போய்க் கேளுங்கள்.

மனவெறுமை என்று நினைப்பதில் பெரும்பங்கு உடற்களைப்பு. வெள்ளி ஒருசந்தி, சனி இரவு ஒன்பது வாசகம் வரை வரும் திருவிழிப்பு, ஏப்ரல் வெயில். ஞாயிறு இறைச்சியை அள்ளிப் போடாமல் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

மட்டக்களப்பில் இன்னொன்றும் உண்டு. 2019 ஏப்ரல் 21 சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, பல வீடுகளுக்கு உயிர்ப்பு ஞாயிறு இழவு நாளும்தான். உங்கள் வீடும் அப்படியென்றால் முதலில் சேமக்காலைக்கு (கல்லறைத் தோட்டத்துக்கு) போய்ப் பூ வையுங்கள். மரியா மதலேனாவும் முதலில் கல்லறைக்குத்தான் போனா. அந்த வீடுகளுக்குப் போகிறவர்கள் "சந்தோசமாக இருங்கோ" என்று சொல்லாதீர்கள், பக்கத்தில் இருங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலை ரியூசன் வைக்கிறவர்கள் பின்னேரம் மூன்று மணிக்கு வைத்தால் என்ன குறையும்? உயிர்ப்புக்காலத்து ஞாயிறுகளில் பிள்ளைகள் கணக்குக் கொப்பியோடு கோயிலைத் தாண்டிப் போகிறார்கள். பெற்றோராவது வாய் திறக்க வேண்டும்.

கடைசியாக, மூவேளைச் செபத்துக்குப் பதிலாக மாதாவை நோக்கிச் சொல்லும் "விண்ணக அரசியே" செபத்தைக் காலை, மதியம், மாலை பெந்தகோஸ்தே வரை சொல்லுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. தவக்காலம் முழுக்கப் பூசையில் பாடாமல் வைத்திருந்த அல்லேலூயா அதில் வரிக்கு வரி வருகிறது. வாய்விட்டுச் சொல்லுங்கள், மனதுக்குள் சொன்னால் இரண்டாம் நாளே மறந்துவிடும்.