கழிவு எழுதுகிற கை

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். விவசாயிகள் கொண்டுவரும் மல்லிகைப் பையை எடை போட்டு, பைக்கும் ஈரத்துக்கும் கழிவு கழித்துச் சீட்டு எழுதுவது என் வேலை. நியாயமாகப் பார்த்தால் பைக்கு 100 கிராம் போதும். முதலாளி 200 கழிக்கச் சொல்கிறார். எட்டு மாதமாக அப்படித்தான் எழுதுகிறேன். அவரும் எங்கள் சபைதான். அறுப்பின் பண்டிகையில் சபைக்காக விடுகிற ஏலத்தில் அவர் எடுக்காத பொருள் கிடையாது. மனசு உறுத்துவதால் நான் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். இரத்தசாட்சியான அருளானந்தரைப் போல ஒரேயடியாகத் தலையைக் கொடுத்துவிடலாம், இந்த அன்றாடச் சோதனையைத் தாங்க முடியவில்லை. வேலையை விட்டுவிடவா? பிள்ளைகள் இரண்டு பேர் படிக்கிறார்கள், குழுக் கடனும் இருக்கிறது. மாலையில் கடை அடைக்கும்போது முதலாளி 100 ரூபாய் தனியாகத் தருவார். அதை வாங்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.
– வாசகர், மதுரை

பதில்: சகோதரரே, உங்கள் கடிதத்தில் உங்கள் மனசு இருக்கிறது, முதலாளி இருக்கிறார், பிள்ளைகள், குழுக் கடன் எல்லாம் இருக்கிறது. பூ கொண்டுவருகிறவர் மட்டும் இல்லை. விடிவதற்கு முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மொட்டு மொட்டாகக் கிள்ளி, முதல் பஸ்ஸைப் பிடித்து நாலு கிலோ கொண்டுவந்து இறக்குகிற அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

கணக்கைப் போடுங்கள். கூடுதலாகப் போவது பைக்கு 100 கிராம். நாளைக்கு 40 பை இறங்கினால் நாலு கிலோ. கிலோ 600 ரூபாய் விற்கிற நாளில் அது 2,400 ரூபாய். மார்கழி, தைப் பனியில் வரத்து குறைந்து விலை 2,000 ஆகும்போது அதே நாலு கிலோ 8,000 ரூபாய். பூச்செடிக்காரர் பலர் கடையில் முன்பணம் வாங்கியவர்கள். எடை குறைகிறது என்று தெரிந்தாலும் அடுத்த கடைக்குப் போக முடியாது. நீங்கள் வேலையை விட்டுவிட்டால் உங்கள் மனசு லேசாகும். மறுநாள் வேறொரு பையன் வந்து அதே 200-ஐ எழுதுவான். அந்த அம்மாவுக்கு என்ன மாறியது?

இதைச் 'சோதனை' என்கிறீர்கள். வேதாகமத்தில் யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரத்தில் அந்தச் சொல் இரண்டு விதமாக வருகிறது. இரண்டாம் வசனத்தில் வருவது வெளியிலிருந்து வந்து விழுகிற பாடு. அதைச் சந்தோஷமாக எண்ணச் சொல்கிறார். பதினாலாம் வசனத்தில், 'அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்' என்கிறார். முதலாளியின் கட்டளை முதல் வகை. மாலையில் வாங்குகிற 100 ரூபாய் இரண்டாம் வகை. அதைக் கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் வைத்திருக்கிறீர்கள். கண்டித்துச் சொல்கிறேன்: இன்று மாலையிலிருந்தே அதை வாங்காதீர்கள். அதை வாங்கிக்கொண்டு முதலாளியிடம் நியாயம் பேசப் போனால், கூடுதல் பங்கு கேட்க வந்திருப்பதாகத்தான் அவர் நினைப்பார்.

தலையைக் கொடுப்பது சுலபம் என்பது போல எழுதியிருக்கிறீர்கள். 1693-இல் ஓரியூரில் அருளானந்தர் தலை விழுந்ததற்கு மூலகாரணம் ஒரு வீட்டு விஷயம். ஞானஸ்நானம் கேட்ட மறவர் தலைவர் தடியத்தேவரிடம், ஒரு மனைவியோடு மட்டுமே வாழவேண்டும் என்று அவர் கண்டிப்பாக நின்றார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதியின் குடும்பத்துப் பெண். அங்கே போன முறையீட்டின் முடிவில்தான் வாள் வந்தது. அன்றாட வாழ்க்கையில் விட்டுக்கொடுக்காதவருக்குத்தான் ஓரியூர் வாய்த்தது.

இனிச் செய்யவேண்டியது. முதலில் உண்மையான கழிவு எவ்வளவு என்று உங்கள் கையில் இருக்கவேண்டும்; 'நியாயமாகப் பார்த்தால் 100' என்பது பேச்சுக்கு நிற்காது. காலிப் பை பத்தை ஒன்றாக வைத்து நிறுத்து, பத்தால் வகுங்கள். ஒரு பையைத் தனியாக வைத்தால் பெரிய தராசில் சரியான எடை தெரியாது. காய்ந்த பை பத்து, நனைந்த பை பத்து, இரண்டையும் தனித்தனியாக நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பூவைத் தட்டில் கொட்டி நிறுத்தால் பைக் கழிவுக்கே வேலையில்லை. தெளித்த தண்ணீருக்கு மட்டும் எவ்வளவு என்பதை விவசாயி எதிரிலேயே பேசி முடிக்கலாம்.

உங்கள் கடைத் தராசில் தொழிலாளர் துறை முத்திரை இருக்கும். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷம் ஒரு முறை அதைப் புதுப்பிக்கவேண்டும். நீதிமொழிகள் 11:1-இல் நம் வேதாகமம் 'சுமுத்திரையான நிறைகல்' என்கிறது. நல்ல முத்திரை உள்ள எடைக்கல். ஆனால் முத்திரை தராசுக்கு மட்டும்தான். தராசு நாலு கிலோ 200 என்று சரியாகக் காட்டிய பிறகு சீட்டில் நாலு கிலோ என்று இறங்குகிறதே, அந்த இடத்தில் இருப்பது உங்கள் பேனா.

முதலாளியிடம் பேசும் நேரம் முக்கியம். எடை நடக்கும்போது நாலு பேர் முன்னால் வேண்டாம். வரத்து ஓய்ந்து, கணக்கு முடித்து, அவர் தனியாக உட்கார்ந்திருக்கும்போது போங்கள். மத்தேயு 18:15 சொல்கிற 'தனித்திருக்கையில்' இதுதான். வசனத்தோடு ஆரம்பிக்காதீர்கள், ஆரம்பித்தால் அவர் வாய் அடைபடும், காதும் அடைபடும். பை எடை எழுதிய தாளை வையுங்கள். பாபிலோன் ராஜாவின் அரண்மனையில் தானியேல் செய்ததைக் கவனியுங்கள்: ராஜாவின் சாப்பாட்டால் தீட்டுப்படக்கூடாது என்று இருதயத்தில் தீர்மானம்பண்ணிவிட்டான். ஆனாலும் ராஜாவின் சாப்பாட்டைத் தட்டிவிடவில்லை. மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துப் 'பத்துநாள் சோதித்துப்பாரும்' என்று விசாரிப்புக்காரனிடம் கேட்டான். நீங்களும் சரியான கழிவு எழுதிப் பார்க்கப் பத்து நாள் கேளுங்கள். சரியான கழிவு எழுதுகிற கடைக்கு நல்ல பூ தேடி வரும். ஊரில் தராசு வைத்திருக்கிறவர்கள் வீட்டிலேயே நிறுத்துத்தான் கொண்டுவருகிறார்கள், அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்லவும் செய்வார்கள்.

பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. முதலாளி பார்க்காதபோது 100 கழிப்பது, பார்க்கும்போது 200 கழிப்பது. இரக்கம் மாதிரித் தெரியும். இரண்டு பக்கமும் பொய். கொலோசெயர் 3:22 கூடாது என்கிற 'பார்வைக்கு ஊழியம்', அதாவது எஜமான் பார்க்கும்போது மட்டும் அவருக்கேற்ப நடப்பது, இதற்குள்ளும் இருக்கிறது.

முதலாளி முடியாது என்றால், 'சீட்டை என் கையால் எழுதமாட்டேன், வசூலுக்கு அனுப்புங்கள், பார்சல் கணக்கைக் கொடுங்கள்' என்று கேளுங்கள். அதுவும் இல்லை என்றால் வேலையை விடத்தான் வேண்டும். அதற்கு ஒரு தேதி வைத்து, குழுத் தலைவியிடம் தவணை பற்றி முன்கூட்டியே பேசி, அதற்குள் வேறு கடை பாருங்கள். கோபத்தில் ஒரே நாளில் எழுந்து வந்தால் பிள்ளைகளின் பசி ஒரு மாதத்தில் உங்களைத் திரும்ப அதே நாற்காலியில் உட்காரவைக்கும்.

மாலையில் அந்த 100 ரூபாயை வாங்கியது எட்டு மாதம், 240 நாள் என்று வைத்தால் 24,000 ரூபாய். லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது: 4,800. ஆக 28,800, மாதம் 1,200 வீதம் இரண்டு வருஷம். இதைக் காணிக்கைப் பெட்டியில் போடாதீர்கள், சபைக்கும் இந்தக் கடனுக்கும் சம்பந்தமில்லை. சீட்டுப் புத்தகத்தின் நகலில் பெயர்கள் இருக்கின்றன. அதிகப் பை கொண்டுவந்தவர்களிலிருந்து ஆரம்பித்து, முதலாளியிடம் சொல்லிவிட்டு, கையில் கொடுங்கள். அவர் எடுத்ததற்கு அவர் பொறுப்பு. ஏலத்தில் எடுக்கிற பூசணிக்காயால் அது தீராது என்பதை ஆயர் அவரிடம் சொல்லவேண்டும். தனியே போய்ப் பேசியும் கேட்காவிட்டால், ஆயரையும் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

திருவிருந்து பற்றி. 1 கொரிந்தியர் 11:28, தன்னைச் சோதித்தறிந்து 'இந்த அப்பத்தில் புசித்து' என்று போகிறது. சோதித்தறிந்து விலகி நில் என்று அங்கே இல்லை. சனிக்கிழமை முதலாளியிடம் பேசிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், பக்கத்தில் முழங்காலிடுகிறவர் அவராகவே இருந்தாலும் வாருங்கள்.