மத்தேயு 1:2-இன் கிரேக்க மூலத்தில் 'ஆப்ரஆம் எகென்னேசென் (பெற்றார்) தொன் இசஆக்' என்று இருக்கிறது. இரண்டு பெயரிலும் வேற்றுமை விகுதி இல்லாதபோது, யார் யாரைப் பெற்றார் என்று எப்படித் தெரியும்?

எழுவாய் ஆபிரகாம், செயப்படுபொருள் ஈசாக். அதைச் சொல்வது பெயரின் விகுதி அல்ல, ஈசாக்குக்கு முன்னால் நிற்கும் 'தொன்' என்ற ஆர்ட்டிகிள் (ஆங்கில 'the' போன்ற சிறு சொல்). தமிழில் 'ஈசாக்கை' என்று ஐ உருபு செய்கிற வேலையை இங்கே அது செய்கிறது.

இரண்டு பெயருமே ஒரே மாதிரி நிற்கின்றன என்று நீங்கள் குழம்பியது, கிரேக்கப் பாடப்புத்தகத்தில் பார்த்த -ஒஸ் (எழுவாய்), -ஒன் (செயப்படுபொருள்) விகுதிகளைத் தேடியதால்தான் இருக்கும். கிரேக்கச் சொற்கள் பெரும்பாலும் உயிரிலோ ன், ர், ஸ் ஒலியிலோ முடியும். ஆப்ரஆம், இசஆக், யகோப் (யாக்கோபு), தவித் (தாவீது) எல்லாம் எபிரேயப் பெயர்கள், அந்த அச்சில் அடங்காதவை. அதனால் எந்த வேற்றுமையிலும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

சோதித்துப் பாருங்கள்: அதே வசனத்தில் ஈசாக் முதலில் 'தொன் இசஆக்', அடுத்த வாக்கியத்தில் வெறும் 'இசஆக்'. பெயரில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. 'தொன்' போனதும் மகன் தகப்பனாகிவிட்டார்!

ஆனால் எல்லா எபிரேயப் பெயரும் இப்படி இல்லை. யூதா கிரேக்க உடை போட்டுக்கொண்டவர்: எழுவாயாக வந்தால் யூதாஸ், செயப்படுபொருளாக வந்தால் யூதான். இயேசுவின் பெயர் பாதிக் கிணறு தாண்டியது. யேசூஸ், யேசூன் சரி, மற்ற வேற்றுமைகளுக்கெல்லாம் ஒரே யேசூ.

அப்புறம், ஆர்ட்டிகிள் எப்போதும் கைகொடுக்காது. மத்தேயு 1:1-இல் தாவீதுக்கு முன்னால் அது இல்லை. அங்கே முந்தைய சொல்லான 'ஹூயூ' (குமாரனுடைய) என்பதை வைத்து, 'தாவீதின்' என்று நாமே எடுத்துக்கொள்ள வேண்டும்.