எக்ஸ்870 போர்டுக்கு 150 வெள்ளி கூடக் கொடுக்கலாமா?

உட்லண்ட்ஸ் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “ரைசன் 7 9800எக்ஸ்3டி வாங்கிவிட்டேன். மதர்போர்டுதான் பாக்கி. சிம் லிம் ஸ்குவேரில் ஒரு பி850 போர்டு 300 வெள்ளி, ஒரு எக்ஸ்870 போர்டு 450 வெள்ளி சொல்கிறார்கள். ‘இந்தச் சிபியூவுக்கு எக்ஸ்870 போடாவிட்டால் வேஸ்ட்’ என்கிறார் கடைக்காரர். கேம் விளையாடுவேன், வார இறுதியில் வீடியோ எடிட்டிங். எஸ்எஸ்டி இரண்டு, பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று. அறையில் ஏர்கான் இரவில் மட்டும்தான். எதை எடுப்பது?”

பி850-ஐ எடுங்கள். கடைக்காரர் சொன்னதில் பெரிதாக விஷயமில்லை. பி850, எக்ஸ்870 இரண்டிலும் இருப்பது ஒரே சிப்செட் சில்லுதான் (யூஎஸ்பி, எஸ்எஸ்டி போன்றவற்றைச் சிபியூவோடு இணைப்பது அதுதான்). அந்தச் சில்லை இரண்டாகப் போட்டு வருவது எக்ஸ்870இ. ஓவர்கிளாக்கிங் (சிபியூவை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) பி850, எக்ஸ்870 இரண்டிலும் செய்யலாம். எக்ஸ்870 என்று பெயர் வைக்க வேண்டுமானால் வேகமான யூஎஸ்பி4 போர்ட்டும், கிராஃபிக்ஸ் கார்டு செருகப் பிசிஐஇ 5.0 ஸ்லாட்டும் கட்டாயம். பி850-இல் அவை போர்டு தயாரிப்பாளரின் விருப்பம். இன்றைய கேம்களில் பிசிஐஇ 4.0, 5.0 வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஒன்றே ஒன்று, பெட்டியில் பி840 என்று இருந்தால் தொடாதீர்கள். பெயர்தான் பக்கத்தில் வருகிறது. அதில் சிபியூ ஓவர்கிளாக்கிங் கிடையாது, சிப்செட் வழியே வரும் பிசிஐஇ-யும் 3.0 தான்.

அடுத்தது மின்சாரம். பெட்டி மேல் ‘14+2+1 ஃபேஸ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள், சிபியூவுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் சுற்றுகளின் எண்ணிக்கை அது. அதைப் பார்த்து மயங்க வேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் சிபியூ ஒரேயடியாக இழுக்கக்கூடியது 162 வாட். 1.2 வோல்ட் என்று வைத்தால் சுமார் 135 ஆம்பியர். தலா 60 ஆம்பியர் தாங்கும் பவர் ஸ்டேஜ் (அந்தச் சுற்றில் மின்சாரத்தைத் தாங்கும் சில்லு) எட்டு இருந்தாலே 480 ஆம்பியர். கேமில் 162 வாட் வரை போவதே அபூர்வம். 230 வாட் இழுக்கும் 9950எக்ஸ் வாங்கியிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்.

இங்கே சிங்கப்பூருக்கென்று ஒரு கணக்கைச் சேர்க்க வேண்டும். வெளிநாட்டு விமர்சகர்கள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில்தான் சோதிக்கிறார்கள். ஏர்கான் போடாத வீவக அடுக்குமாடி அறையில் பிற்பகலில் 31 டிகிரி சாதாரணம். அந்த வித்தியாசத்தை அப்படியே கூட்டிக்கொள்ளுங்கள்: விமர்சனத்தில் விஆர்எம் (சிபியூவுக்கு மின்சாரம் தரும் அந்தப் பகுதி) 65 டிகிரி என்றால் உங்கள் வீட்டில் 75. அதனால் ஒன்றும் ஆகாது, அந்தப் பாகங்கள் 100 டிகிரிக்கு மேலும் தாங்கும். ஆனால் விமர்சனத்திலேயே 90-ஐத் தொட்ட போர்டு என்றால் வேண்டாம். சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க் மெல்லிய தகடாக, பிளாஸ்டிக் மூடியோடு அழகுக்கு இருக்கிறதா, கனமான அலுமினியக் கட்டியா என்பது கையில் எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நான் அதிக நேரம் செலவிடும் இடம் பெட்டி அல்ல, மேனுவல். தயாரிப்பாளரின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கடைக்குப் போகும் முன்பே இறக்கிவிடுங்கள். எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி செருகும் இடம்) பற்றிய பக்கத்தின் அடியில், நட்சத்திரக் குறி போட்டு, பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். ‘இந்த ஸ்லாட்டில் எஸ்எஸ்டி செருகினால் அந்த ஸ்லாட் வேலை செய்யாது’, ‘கிராஃபிக்ஸ் ஸ்லாட் பாதி வேகத்துக்கு இறங்கும்’, ‘இத்தனையாவது சாட்டா போர்ட் (ஹார்ட் டிஸ்க் செருகுவது) அணைந்துவிடும்’. ஒரே தண்ணீர்க் குழாயில் பல வீடுகள் பங்கு போடுவது போலத்தான். ஏஎம்5 (உங்கள் சிபியூ உட்காரும் சாக்கெட் வகை) சிபியூ தருவது 24 லேன், அதாவது தரவு ஓடும் தடம்: கிராஃபிக்ஸ் கார்டுக்கு 16, இரண்டு எம்.2-க்கு எட்டு. மற்றதெல்லாம் சிப்செட்டின் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எக்ஸ்870-இன் யூஎஸ்பி4-உம் இதே லேன்களில்தான் பசியாறுகிறது. பல போர்டுகளில் இரண்டாவது எம்.2-வைப் பயன்படுத்தினால் யூஎஸ்பி4-இன் வேகம் பாதியாகும். உங்களிடம் இரண்டு எஸ்எஸ்டி. அதாவது 150 வெள்ளி கூடக் கொடுத்து வாங்கியதில் பாதியை நீங்களே அணைக்க வேண்டி வரலாம். யூஎஸ்பி4 டாக், வேகமான வெளி எஸ்எஸ்டி என்று அதை நம்பி வேலை செய்கிறவர்களுக்குத்தான் அந்தக் காசு.

மெமரியில் ஒரு கண்டிப்பு. 64 ஜிபி வேண்டுமென்றால் 32 ஜிபி குச்சி இரண்டு போடுங்கள், 16 ஜிபி நான்கு வேண்டாம். உங்கள் சிபியூவுக்கு அதன் தயாரிப்பாளர் ஏஎம்டி உத்தரவாதம் தரும் வேகம் இரண்டு குச்சியில் 5600, நான்கு போட்டால் 3600. டிடிஆர்5-6000 எக்ஸ்போ கிட் (ஒரே அமைப்பில் 6000 வேகத்துக்கு ஏறும் மெமரி) இரண்டு குச்சியில் பொதுவாகச் சிக்கலின்றி ஓடும்.

இன்டர்நெட்? பெரும்பாலான பி850-இல் 2.5 கிகாபிட் போர்ட் உண்டு. வீட்டில் 3 கிகாபிட் திட்டம் இருந்தால் கொஞ்சம் வீணாகும், போகட்டும். 10 கிகாபிட் போடும் எண்ணம் இருந்தால் மட்டும், பின்னால் ஒரு நெட்வொர்க் கார்டு செருக நான்கு-லேன் ஸ்லாட் காலியாக இருக்குமா என்று, திரும்பவும் அந்தப் பொடி எழுத்தில் பாருங்கள். ஆடியோ சிப்பை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

சரி, கடையில். சொல்லும் விலையில் 9% பொருள் சேவை வரி சேர்ந்ததா, உத்தரவாதம் உள்ளூர் விநியோகஸ்தருடையதா என்று கேளுங்கள். பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தானும் (போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைச் சிபியூ இல்லாமலேயே புதுப்பிப்பது), கோளாறைக் காட்டும் சின்ன விளக்குகளும் இருக்கும் போர்டுக்கு இருபது, முப்பது வெள்ளி கூடக் கொடுக்கலாம். வீட்டுக்கு வந்ததும் எக்ஸ்போவைத் தொடும் முன் பயாஸைப் புதுப்பியுங்கள். 2023-இல் சில 7800எக்ஸ்3டி சிபியூக்கள் அதிக எஸ்ஓசி வோல்டேஜில் (சிபியூவின் மெமரிக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் போகும் மின்னழுத்தம்) கருகியதும், ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டில் கட்டிப்போட்டது பயாஸ் வழியாகத்தான். முதல் தடவை ஆன் செய்தால் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும், மெமரி ட்ரெயினிங் (போர்டு மெமரியைச் சோதித்துச் சரிசெய்துகொள்வது) நடக்கிறது. பயந்து அணைத்துவிடாதீர்கள்.

அப்புறம், பணம் கட்டும் முன் பெட்டியைத் திறந்து சாக்கெட்டைப் பாருங்கள். ஏஎம்5-இல் ஊசிகள் சிபியூவில் இல்லை, போர்டில். ஒன்று வளைந்திருந்தாலும் வீட்டுக்குப் போன பிறகு யார் வளைத்தது என்ற வாக்குவாதம்தான் மிஞ்சும். ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளும் சட்டம் 2012 முதல் இங்கே உண்டு. வளைந்த ஊசி என்றால் நீங்கள் வளைத்தது என்று கடைக்காரர் வாதாடலாம். சாக்கெட்டின் கறுப்பு பிளாஸ்டிக் மூடியையும் குப்பையில் போடாதீர்கள். அது இல்லாமல் போர்டைத் திருப்பி அனுப்பினால் பல விநியோகஸ்தர்கள் வாங்க மாட்டார்கள்.